கோபுரக்கிளிக் கட்டு

இப்போதெல்லாம் கேதத்துக்கு வருகிறவன் வண்டியைக்கூட அணைப்பதில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாசலைப் பார்த்து ஒரு கும்பிடு. பையிலிருந்து போனை எடுத்து, செத்தவன் முகம் போட்ட பிளக்ஸை ஒரு படம். அவ்வளவுதான், முறுக்கிக்கொண்டு போய்விடுகிறான். உட்காருகிற நாலு பேரும் செத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. குனிந்த தலை நிமிராமல் போனுக்குள்ளேயே சீட்டு ஆடுகிறான். எதிரே ஆடுகிறவன் எவன் என்று தெரியாது, சீட்டைக் கலைத்தவன் எவன் என்று தெரியாது. மூஞ்சி தெரியாதவனோடு ஆடுகிறவன் மூழ்காமல் என்ன செய்வான்?

அம்மாவாசி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. ராஜபாண்டி வீட்டுக்கு எதிர்ச்சாரியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் தனியாக நின்றார். வயது எழுபத்து மூன்று. உள்ளே ஐஸ் பெட்டியில் கிடக்கிற ராஜபாண்டி அவருக்குச் சித்தப்பா மகன், பங்காளி. வராமல் இருக்க முடியாது. வந்துவிட்டார். ஆனால் ஒன்பது மணிக்கு வந்தவர் பதினொன்று ஆகியும் வாசல்படி ஏறவில்லை. அவர் மட்டுமா? பந்தலில் நாற்பது நாற்காலி போட்டிருந்தது, உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். மற்ற ஆம்பிளைகள் டீக்கடையிலும் தொட்டி ஓரத்திலுமாக நின்று, அம்மாவாசியின் முகத்தைப் பார்ப்பதும் பந்தலைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

பந்தலின் நடுவே ஒரு சமுக்காளம் விரித்திருந்தது. அதில் ஒரு ஈயும் உட்காரவில்லை.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். ஆண்பிள்ளை செத்த வீட்டில், எடுக்கும்வரை பந்தலில் சீட்டு ஓட வேண்டும். காசு வைத்து அல்ல, சும்மா. வெளியூர்ச் சொந்தம் வந்து சேருகிறவரைக்கும் ஆட்கள் எழுந்து போய்விடக் கூடாது என்று எவனோ எப்போதோ ஆரம்பித்தது. நாளாக ஆக அதற்கு ஒரு மரியாதை ஏறிவிட்டது. சமுக்காளத்தில் சீட்டு விழாமல் எடுத்தால் நாதியற்ற கேதம் என்று பேர். அந்தப் பேர் பிள்ளைகள் தலையிலும் ஏறும். கட்டைப் பிரிக்கிறவரும் கண்டவர் இல்லை. சீட்டுத் தெரிந்த மூத்த ஆள் ஒருவர் உறையைக் கிழித்து, ஐம்பத்திரண்டையும் விரலில் ஓடவிட்டு, "சுத்தம்" என்று சொல்லி நடுவில் வைக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் மற்றவன் கை வைப்பான். முப்பது வருஷமாக அந்த ஆள் அம்மாவாசிதான்.

அவர் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ் போர்டு படிப்பார், கையெழுத்துப் போடுவார். ஆனால் சீட்டைக் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கம்பெனியைச் சொல்லுவார். தங்கராணி வெறும் அட்டை. ரெண்டு ஆட்டத்தில் காது மடங்கிவிடும், கை வேர்வை பட்டால் நமத்த அப்பளம். மூணுமீன் முழுப் பிளாஸ்டிக். கழுவித் துடைத்து வருஷக்கணக்கில் ஆடலாம். ஆனால் கையில் நிற்காது, விரால் மாதிரி வழுக்கும். டியூப்லைட்டுக்குக் கீழே அதன் பளபளப்பு எதிராளிக்குக் கண்ணாடி பிடித்த மாதிரி. கோபுரக்கிளிதான் சீட்டு. ரெண்டு தாளை நடுவே கருப்புப் பசை வைத்து ஒட்டியது. உச்சி வெயிலில் தூக்கிப் பிடித்தாலும் மறுபக்கம் தெரியாது. வில்லாக வளைத்து விட்டால் டப்பென்று நிமிரும். முதுகில் பச்சைக் கொடி, கொடியில் இலை, நாலு மூலையிலும் கிளி. ஓர் இலை கூடாது, ஓர் இலை குறையாது.

அம்மாவாசி மனுசனை நம்புகிற ஆள் இல்லை. பெண்டாட்டி இருந்த காலத்தில் அவள் போட்ட காப்பியை மோந்து பார்த்துத்தான் குடிப்பார். பேங்க்காரன், டாக்டர், ஓட்டுக் கேட்டு வருகிறவன், தராசுக்காரன், யார் சொன்னாலும் சரி, "ம்" என்று கேட்டுக்கொண்டு தன் போக்கில் போவார். உலகத்தில் அவர் நம்பிய ஒன்றே ஒன்று கோபுரக்கிளி.

வினை அங்கேதான் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் திராட்சைக் கமிஷன் கடையில் லாரிக்குக் காத்திருந்த நேரம், ரம்மி ஓடிக்கொண்டிருந்தது. ராஜபாண்டி வரிசையாக நாலு ஆட்டம் அடித்துவிட்டான். லோடுமேன் சின்னக்கருப்பு ஆர்ட்டின் ஜாக்கியைத் திருப்பிப் பார்த்தான். முதுகில், கொடியில், கடுகளவு வெள்ளை. ஓர் இலை இல்லை. "குறி வச்சு ஆடுறான்டா!" என்று எழுந்துவிட்டான். ராஜபாண்டி இல்லவே இல்லை என்றான். கைகலப்பு ஆவதற்குள், டீக்கடையில் இருந்த அம்மாவாசியைக் கூட்டிவந்து சீட்டைக் கொடுத்தார்கள். அவர் பெருவிரலை முதுகில் ஓட்டினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. சொன்னார்:

"தங்கராணின்னா கம்பெனிப் பிசகுன்னு விட்ரலாம். இது கிளி. கிளியில பிசகு வராது. நகம் வச்சிருக்கு."

அதற்கு அப்புறம் அவரைக் கேட்டு ஒன்றும் நடக்கவில்லை. ராஜபாண்டியின் வலது கையை எடை மிஷின் மேல் வைத்து, காலி கிரேட்டை எடுத்துச் சின்னக்கருப்பு இறக்கினான். மூன்று விரல். ராஜபாண்டி திராட்சைக் கொடிக்குக் கவாத்து வெட்டுகிறவன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் கத்தரி பட்ட பந்தல் என்றால் காய்ப்பு தனி என்பார்கள். அந்தக் கை அதோடு கத்தரி பிடிக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு ஒரு நாள் அம்மாவாசி வீட்டுக்கு வந்து நின்றான். "அண்ணே, நான் வைக்கலண்ணே" என்றான். "கிளி பொய் சொல்லாதுடா" என்றார் அம்மாவாசி. அவன் திரும்பிப் போனான். அதன் பிறகு எந்தக் கேதத்திலும் அவனுக்குச் சீட்டுப் போடவில்லை. மலைமேல் ஏலத் தோட்டத்துக்குக் காவலுக்குப் போனான். மழையிலும் பனியிலும் நெஞ்சு கெட்டுத் திரும்பினான். தேனி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். நேற்று முடிந்தது.

பந்தலிலிருந்து ஒரு பெண் தெருவைக் கடந்து நேராக அம்மாவாசியிடம் வந்தாள். ராஜபாண்டியின் ஒரே மகள் பாண்டீஸ்வரி. தேனியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் வேலை.

"பெரியப்பா, உள்ள வாங்க."

"மாலை போடுறப்ப வாரேன் ஆத்தா."

"மாலைக்கு ஆள் இருக்கு. கட்டு பிரிக்கத்தான் ஆள் இல்ல. மூணு மணிக்கு எடுக்கணும்."

"வேற எவனையாச்சும் பிரிக்கச் சொல்லு."

"கேட்டுப் பாத்துட்டேன். ரபீக் மாமா என்ன சொன்னாக தெரியுமா? 'அம்மாவாசி அண்ணன் எதுத்தாப்புல நிக்கிறாரு, நான் எப்பிடித்தா உறையக் கிழிக்க'ன்னாக. நீங்க பிரிக்காதத ஒரு பய தொட மாட்டேங்கிறான். உங்க ஒரு சொல்லுக்கு எங்கப்பாவ அடிச்சாக. இன்னொரு சொல்லுக்குத்தான் வந்து உக்காருவாக."

டீக்கடைப் பக்கம் நின்றவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். அம்மாவாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். போகாமல் நின்றால் பயந்துவிட்டான் என்பார்கள்.

ஐஸ் பெட்டி ர்ர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குள் ராஜபாண்டியின் முகம் சுருங்கி வேறு யாரோ மாதிரி இருந்தது. கைகளை வேட்டிக்குள் மறைத்திருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் அவன் பெண்டாட்டி ராஜாத்தி, அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டீகளா மாமா" என்றாள். "அவுகளுக்கு உங்க மேல கோவமில்லயாம். சாகையில சொன்னாக. எனக்கு இருக்கு."

அம்மாவாசி வெளியே பந்தலுக்கு வந்து, சமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாண்டீஸ்வரி ஒரு துணிப்பையைக் கவிழ்த்தாள். ஒன்பது கட்டு, உறை பிரிக்காமல் விழுந்தது. தங்கராணி மூணு, மூணுமீன் மூணு, கோபுரக்கிளி மூணு.

"ஒரு கேதத்துக்கு ஒரு கட்டு போதுமே. கடை போடப் போறியா?"

"நீங்கதான சொன்னீக, தங்கராணியில பிசகு இருக்கும், கிளியில இருக்காதுன்னு. அதான் எல்லாத்தையும் வாங்கியாந்தேன். கம்பத்துல ஒரு கடை, தேவாரத்துல ஒரு கடை, மயிலாடும்பாறையில ஒரு கடை. அப்பா படுத்திருக்கையில லீவு நாளாப் பாத்துப் போயி வாங்குனேன். நான் ஒண்ணையும் பிரிக்கல. நீங்களே பிரிங்க. நீங்களே சொல்லுங்க."

தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பந்தல் கால்களுக்கு வந்து சேர்ந்தார்கள். சின்னக்கருப்பும் வந்து கடைசியில் நின்றான். உத்தமபாளையத்து வாழைத்தார் ஏவாரி ரபீக், கைலியைச் செருகிக்கொண்டு அம்மாவாசிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கமிஷன் கடையில் இருந்தவர் அவரும்.

அம்மாவாசி ஒவ்வொரு உறையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டினார், மோந்தார். பிறகு தங்கராணியை எடுத்துக் கிழித்தார். முதல் கட்டில் பாதிச் சீட்டு கோணலாக வெட்டியிருந்தது. இரண்டாவதில் ரெண்டு சீட்டு ஒட்டிப்போய் ஒன்றாக வந்தது. மூன்றாவதில் கிளாவர் எட்டே இல்லை, ஒன்பது ரெண்டு இருந்தது.

"பாருங்கண்ணே, இஸ்பேடு ராஜாவுக்குப் பாதி மீசைதான் இருக்கு" என்றார் ரபீக். "மிச்சத்த அடுத்த கட்டுல தருவான் போல."

யாரோ சிரித்தார்கள். ராஜாத்தி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

மூணுமீனில் குற்றம் இல்லை. ஓரங்களில் மட்டும் பிசிறு, கத்தி மழுங்கியிருக்க வேண்டும். "ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி" என்று அம்மாவாசி சொன்னார். அவருக்கு இப்போது நிதானம் வந்திருந்தது. முப்பது வருஷம் செய்த வேலை. கோபுரக்கிளியின் முதல் கட்டைக் கிழித்ததும் பழைய பசை வாசம் வந்தது. வளைத்து விட்டார். டப்பென்று நிமிர்ந்தது. முகத்தில் ஒரு திருப்தி வந்து போயிற்று. முதுகைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். முப்பது சீட்டு போயிருக்கும். கை நின்றது.

கொடியில் கடுகளவு வெள்ளை. ஓர் இலை இல்லை.

திருப்பினார். ஆர்ட்டின் ஜாக்கி.

அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது கட்டைக் கிழித்தார். அது மயிலாடும்பாறைக் கடைக் கட்டு, உறைமேல் தூசி ஒரு விரல் கனத்துக்கு. வேகமாகத் தள்ளினார். அதே மூலை, அதே கொடி, அதே இலை. ஜாக்கி. மூன்றாவதைக் கிழித்தார். அதிலும் ஜாக்கி.

மூன்று ஜாக்கியும் சமுக்காளத்தில் முதுகு காட்டிக் கிடந்தன. கூட்டம் குனிந்து பார்த்தது.

"அச்சடிக்கிற பிலிம்ல ஒரு தூசி ஒட்டுனாப் போதும் பெரியப்பா" என்றாள் பாண்டீஸ்வரி. குரல் சாதாரணமாக இருந்தது, பிரஸ்ஸில் யாருக்கோ வேலை சொல்லுகிற மாதிரி. "அடிக்கிற தாள் அம்புட்டுலயும் அதே எடத்துல வெள்ளை விழும். பெரிய தாள்ல எல்லாச் சீட்டையும் ஒண்ணா அடிச்சுத்தான் வெட்டுறான். அந்த எடம் ஜாக்கிக்கு. எங்க வாங்குனாலும் ஜாக்கிதான். எந்த வருசம் வாங்குனாலும் ஜாக்கிதான், பிலிம மாத்துற வரைக்கும்."

"அன்னைக்கு நான் கண்ணால பாத்துச் சொல்லல" என்றார் அம்மாவாசி. "வெரலால பாத்துச் சொன்னேன். பள்ளம் இருந்துச்சு. நகத்துப் பள்ளம்."

"மை ஏறாத எடம் பள்ளமாத்தான இருக்கும்?"

"நீ சொல்லுவ."

"நான் சொல்லல. இதையும் வெரலால பாருங்க."

ரபீக் முதல் கட்டை வாங்கி, ஜாக்கியை நடுவில் செருகி, மூன்று தரம் கலைத்துக் கொடுத்தார். அம்மாவாசி கண்ணை மூடினார். பெருவிரல் ஒவ்வொரு முதுகாகத் தடவித் தள்ளிக்கொண்டு வந்தது. ஓர் இடத்தில் விரல் நின்றது. கண்ணைத் திறக்காமலே சீட்டை நீட்டினார். "ஜாக்கிண்ணே" என்றார் ரபீக். இன்னொரு கட்டு. மறுபடி விரல் நின்றது. "ஜாக்கி." மூன்றாவது கட்டில், நிற்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தடவினார். நின்றது.

அந்தப் பள்ளம் அவருக்குத் தெரிந்த பள்ளம். மூன்று வருஷமாக விரல் நுனியில் இருந்த பள்ளம்.

சின்னக்கருப்பு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொன்னீகளேய்யா" என்றான். "நகம் வச்சிருக்குன்னு நீங்க சொன்னதுக்கப்புறந்தான நான் கிரேட்டத் தூக்குனேன். எனக்கு என்னய்யா தெரியும் சீட்டப் பத்தி?"

"நகம்னுதான சொன்னேன். கைய ஒடைன்னா சொன்னேன்?"

"ஒங்க வாய நம்பினேன்."

"ஒன்னய எவன் நம்பச் சொன்னது? நான் எவனையாச்சும் நம்புறனா?"

பாண்டீஸ்வரி ரெண்டு பேருக்கும் நடுவில் வந்தாள். "சண்டை அப்புறம் போடுங்க. பெரியப்பா, நீங்க சுத்தம்னு சொல்ல வேணாம். ராஜபாண்டி குறி வைக்கலன்னு ஒரு சொல்லு சொல்லுங்க. இவுக அம்புட்டுப் பேரும் கேக்கட்டும். அவுகளும் கேக்கட்டும்."

'அவுக' என்றபோது அவள் பெட்டியைப் பார்த்தாள். அம்மாவாசியும் பார்த்தார்.

சொல்லிவிடலாம். நாலு வார்த்தை. ஆனால் அந்த நாலு வார்த்தையைச் சொன்னால், எடை மிஷின் மேல் வைத்த கை யார் சொல்லி வைத்தது என்று ஆகும். மலைமேல் பனியில் ராத்திரி முழுக்க இருமியது யாரால் என்று ஆகும். கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்றவனுக்கு இவர் சொன்ன பதில் என்ன என்று ஆகும். முப்பது வருஷம் எத்தனை கேதத்தில் "சுத்தம்" சொல்லியிருப்பார். அதெல்லாம் என்ன ஆகும்? சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ சொன்னது. அதை அவர் நம்பவில்லை.

"இந்த வெரலுக்கு வயசாயிருச்சு" என்றார். "அப்ப இருந்த வெரலு வேற. இப்ப இது எதைத் தொட்டாலும் நிக்கிது. அதுவுமில்லாம, மூணு கட்ட வச்சு ஒரு கம்பெனியக் குத்தஞ் சொல்லிற முடியாது. முந்நூறு கட்டாச்சும் பிரிச்சுப் பாக்கணும்."

"முந்நூறு கட்டா?" உள்ளேயிருந்து ராஜாத்தியின் குரல் வந்தது. "அதுவரைக்கும் இவுகளப் பெட்டியிலயே வச்சிருக்கவா மாமா?"

அம்மாவாசி ஒரு கையை ஊன்றி எழுந்தார். தூக்கிவிட யாரும் கை நீட்டவில்லை. அவர் எழுந்த இடத்தில் ரபீக் நகர்ந்து உட்கார்ந்து, மயிலாடும்பாறைக் கட்டை எடுத்து, ஜாக்கியையும் சேர்த்துக் கலைக்க ஆரம்பித்தார்.

"ராஜபாண்டி வைக்கலப்பா" என்றார், யாரையும் பார்க்காமல். "அன்னைக்கே வாயத் தொறந்திருக்கணும் நான். பெரிய மனுசன் சொல்லிட்டாருன்னு இருந்துட்டேன். வாங்க, உக்காருங்க."

ரெண்டு பேர் உட்கார்ந்தார்கள். பிறகு இன்னும் மூன்று பேர். சின்னக்கருப்பும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். பாண்டீஸ்வரி அவனுக்கு எதிரே நின்றாள்.

"நீங்க உக்காராதீக சித்தப்பா. எடுக்குற வரைக்கும் அங்கனயே நில்லுங்க."

அவன் நின்றான்.

முதல் சீட்டு சமுக்காளத்தில் விழுகிற சத்தம் அம்மாவாசிக்குத் தெருவில் இறங்கும்போது கேட்டது. பட், பட், பட் என்று கோபுரக்கிளி விழுகிற சத்தம். தங்கராணி விழுந்தால் இப்படிக் கேட்காது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே மேற்கு மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. வாய்க்கால் கரையோடு வீட்டுக்கு நடந்தார்.

பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவளுக்கு உறை ஒட்டத் தெரியாதா என்று நினைத்தார். மேலே பேப்பரைச் சுற்றி, பசை போட்டு, தூசியைத் தூவி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் பசையை மோந்து பார்த்தோமே. பழைய பசைதான். சரி, பழைய பசை எங்கும் கிடைக்காதா? ரபீக் கலைத்தானே, அவன் கையில் ஏதாவது இருந்திருக்கும். வாழை ஏவாரி கை. அவன் சீட்டை எந்தப் பக்கம் செருகினான் என்று யார் பார்த்தது? நாம் கண்ணை மூடிக்கொண்டல்லவா இருந்தோம்.

வலது கைப் பெருவிரலைச் சுட்டுவிரலோடு உரசிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் நிற்காமல் உரசிக்கொண்டே போனார். பின்னால் கொட்டுக்காரர்கள் வந்து இறங்கி, தோலைக் காய்ச்சுகிற புகை தெருவில் எழுந்தது. இனி ஆட்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். எதிரே வந்த ஒருவன், "என்ன சின்னய்யா, கேதத்துக்குப் போகலயா?" என்றான். "போயிட்டுத்தான் வாரேன்" என்றார்.

"சீட்டு ஓடுதா?"

"ஓடுது, ஓடுது."

அவன் போன பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. "முந்நூறு பிரிச்சாலும்" என்று தனக்குத் தானே சொன்னார், "முந்நூத்தி ஒண்ணுல என்ன இருக்குன்னு எவன் கண்டான்?"

நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.